“ஆஸ்பத்திரிச் சீட்டில் பைக் விபத்து என்று இருக்கிறது, இனி என்ன செய்ய முடியும்?”

தென்மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஊருக்குப் பக்கத்தில் வரப்போகும் கல்குவாரி வேண்டாம் என்று கிராம சபையில் பேசியவர்களில், கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மூன்று வாரத்துக்கு முன் ஓர் இரவு, குவாரி ஜேசிபியின் கண்ணாடி உடைந்த விஷயமாக விசாரிக்க வேண்டும் என்று சீருடை இல்லாத நான்கு பேர் வந்து அவரைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து அடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளங்காலில். எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூன்றாம் நாள் காலையில் வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு காவலரைத் துணைக்கு அனுப்பி அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அவரும் அப்படியே சொல்லிவிட்டார்.

இப்போது வார்டு மெம்பர் மூலம் ஒரு லட்ச ரூபாய் தருவதாகப் பேச்சு நடக்கிறது. வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்கிறார் அப்பா. காயங்களின் போட்டோவை முகநூலில் போட வேண்டும் என்கிறார்கள் அண்ணனின் நண்பர்கள். அண்ணன் எதுவுமே பேசுவதில்லை. “ஆஸ்பத்திரிச் சீட்டே எங்களுக்கு எதிராக இருக்கிறது. செத்துப்போனால்தான் கேஸ் நிற்கும் என்கிறார்கள். எங்கள் கையில் என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணனுக்கு நடந்தது குற்றம். ஒப்புக்கொள்ள வைப்பதற்காக ஒருவரை அடித்துக் காயப்படுத்தினால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவுப்படி 7 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் ஒருவரை வைத்திருப்பதை அரசியல் சட்டத்தின் 22ஆவது உறுப்பே தடுக்கிறது. செத்தால்தான் கேஸ் என்று உங்களிடம் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். காவலில் மரணம் நேர்ந்தால் நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம்; உயிரோடு திரும்பியவருக்கு அப்படித் தானாக எதுவும் தொடங்காது. வித்தியாசம் அவ்வளவுதான். நாம்தான் தொடங்கி வைக்க வேண்டும்.

வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் வீடு இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. அதற்கு மாதக்கணக்கில் யோசிக்கலாம். ஆனால் நடந்ததைப் பதிவு செய்து பத்திரப்படுத்தும் வேலை இந்த வாரமே நடக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘எப்படியும் கேஸ் போடப் போவதில்லையே’ என்று சும்மா இருந்துவிடுகிற குடும்பங்கள் அதிகம். ஆறு மாதம் கழித்துத் தைரியம் வரும்போது காயம் ஆறியிருக்கும், கேமராப் பதிவு அழிந்திருக்கும், பார்த்தவர்கள் தேதியை மறந்திருப்பார்கள்.

கையில் இருப்பது என்னென்ன

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அன்று இரவு 100க்கு இரண்டு முறை போன் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். “விசாரிச்சுட்டு விட்ருவாங்கம்மா” என்று பதில் வந்தது என்கிறீர்கள். அந்த அழைப்பு உங்கள் போனிலும் இருக்கிறது, அவர்கள் பதிவிலும் இருக்கும். மறுநாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனதையும், உள்ளே விடாததால் எதிரே இருக்கும் டீக்கடையில் மதியம் வரை உட்கார்ந்திருந்ததையும், டீக்குக் கூகுள் பே செய்ததையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது பன்னிரண்டு ரூபாய் டீ. எனக்கு அது தேதியும் மணியும் இடமும் உள்ள ஓர் ஆவணம். ‘அப்படி ஒருவரை நாங்கள் அழைத்து வரவே இல்லை’ என்று நாளைக்கு அவர்கள் சொன்னால், அந்தத் தங்கை ஏன் அந்த நேரத்தில் அங்கே காத்திருந்தாள் என்று கேட்க முடியும்.

அந்தக் காலத்தில் யாரையாவது பிடித்துப் போய்விட்டால் வக்கீல்கள் முதல் வேலையாகக் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி கொடுக்கச் சொல்வார்கள். தந்தி ரசீதில் இருக்கும் நேரத்தை யாராலும் மாற்ற முடியாது. 2013இல் தந்தி சேவை நின்றுவிட்டது. அதன் வேலையைத்தான் இப்போது உங்கள் கால் லாக், கூகுள் பே, பக்கத்து வீட்டு அக்காவுக்கு இரவு ஒன்றரை மணிக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் செய்கின்றன. எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் மூலம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

வெற்றுத் தாள் கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் எந்தத் தாளில் இருந்தாலும் அவருக்கு எதிரான ஆதாரமாகாது. ஆனால் ‘என்னை யாரும் அடிக்கவில்லை’ என்று அதில் எழுதிக்கொள்ளலாம். ஆகவே எத்தனை தாள், எந்தப் பேனா, யார் நீட்டியது, என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை நினைவிருக்கும் அளவுக்கு எழுதி, மிரட்டி வாங்கப்பட்டது என்று எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதையும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரமாக வையுங்கள்.

அந்த மருத்துவச் சீட்டு

நீங்கள் ரொம்பக் கலங்குவது இதை நினைத்துத்தான். ‘பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்’ என்று டாக்டர் எழுதியிருப்பது நோயாளி சொன்னதன் பதிவு மட்டுமே. காயம் எப்படி வந்தது என்று டாக்டர் கண்டுபிடித்த முடிவு அல்ல. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டுப் போட்ட கதைகளை நம் ஊர் நீதிமன்றங்கள் நிறையவே பார்த்திருக்கின்றன.

பொய்யாக எழுதப்பட்ட சீட்டும் நமக்கு உதவும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வதில், நோயாளியை யார் அழைத்து வந்தார் என்று ஓர் இடம் உண்டு. அங்கே காவலரின் பெயரோ எண்ணோ இருந்தால் அதுவே பெரிய ஆதாரம். பைக்கிலிருந்து விழுந்தவரைக் காவலர் ஏன் கூட்டி வந்தார்? விபத்து எந்த ரோட்டில்? எந்த பைக்? பைக்கில் ஒரு கீறலாவது உண்டா? இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி கன்றிப்போகிற பைக் விபத்து எது? இந்தக் கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருக்காது. சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. எழுத்து மூலம் கேளுங்கள். தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.

அப்புறம், அவரை இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் அரசு மருத்துவக் கல்லூரிக்கே போங்கள். இந்தத் தடவை உண்மையைச் சொல்லட்டும். முதல் தடவை ஏன் மாற்றிச் சொன்னார் என்பதையும், காவலர் பக்கத்தில் நின்றதையும் சேர்த்தே சொல்லட்டும். மூன்று வாரத்தில் கன்றிய நிறம் பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆனால் காலை ஊன்றி நடக்கும்போது வலி, விரல்களில் மரத்த உணர்வு, தூக்கமின்மை, கதவு சத்தம் கேட்டால் திடுக்கிடுவது எல்லாமே மருத்துவரீதியாகப் பதிவு செய்யக்கூடியவை. எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். சித்திரவதையை எப்படிப் பரிசோதித்து எழுத வேண்டும் என்பதற்கு ‘இஸ்தான்புல் நெறிமுறை’ என்று ஐ.நா.வின் வழிகாட்டி ஒன்று இருக்கிறது; உடற்காயத்துக்குச் சமமாக மனக்காயத்தையும் அது பார்க்கச் சொல்கிறது. மனநல மருத்துவரின் குறிப்பும் ஆதாரம்தான். அதற்கும் முன்னால், அது அவருக்குத் தேவைப்படும் சிகிச்சை.

நீங்கள் போனில் எடுத்த போட்டோக்களை எடிட் செய்யாதீர்கள், மேலே தேதி எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரமும் உள்ளே இருக்கும் நேர விவரமும் போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். அன்று போட்டிருந்த சட்டை, கைலியைத் துவைக்காமல் வைத்திருந்தால் பேப்பர் கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ரத்தக் கறை கெட்டுவிடும்.

கேமரா

இதில்தான் அவசரம். எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு பதிவாகும் சிசிடிவி இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. காகிதத்தில் இருப்பது அது. அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜ், மகன் பெனிக்ஸ் இருவரையும் அடித்த இரவின் பதிவைத் தேடி மாஜிஸ்திரேட் போனபோது, ஹார்ட் டிஸ்கில் ஏராளமாக இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தானாக அழிகிற மாதிரி செட் செய்து வைத்திருந்ததைத்தான் கண்டார். அந்த வழக்கைத் தாங்கியது அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சொன்ன சாட்சி.

ஆகவே, ‘இந்தத் தேதி இத்தனை மணி முதல் இந்தத் தேதி இத்தனை மணி வரையிலான பதிவைப் பாதுகாக்கவும்’ என்று குறிப்பிட்டு எஸ்.பி., கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் இன்றே மனு அனுப்புங்கள். அதற்குப் பிறகு பதிவு அழிந்தால், ஏன் அழிந்தது என்று பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுடையது. வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க், மளிகைக் கடை கேமராக்களில் சில வாரத்தில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். நம்பிக்கையான ஒருவர் போய்ப் பேசிப் பார்க்கட்டும். கடைக்காரர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், அவரும் அந்த ஊரில்தான் பிழைக்க வேண்டும்.

அண்ணனிடம் எப்படிக் கேட்பது

“தினமும் கேட்கிறேன், எரிந்து விழுகிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் கேட்காதீர்கள், சகோதரி. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் அந்த அறைக்குத் திரும்பப் போய் வருகிறார். ஒரே ஒருமுறை, அவர் தேர்ந்தெடுக்கும் நாளில், அவர் நம்புகிற ஒருவர் மட்டும் கூட இருந்து, அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள். அவமானமாக நினைக்கும் சில விஷயங்களைத் தங்கையிடம் சொல்ல மாட்டார். அதனால் எழுதுகிறவர் நீங்களாக இல்லாமல் இருப்பதே நல்லது.

மணி தெரியாது என்றால் தெரியாது என்றே எழுத வேண்டும். காவலில் இருந்தவர்களுக்குக் கடிகாரம் இருக்காது. ஆனால் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது, பள்ளிவாசல் பாங்கு கேட்டது, ஷிஃப்ட் மாறியபோது புதிய குரல் வந்தது என்பது நினைவிருக்கும். பெயர் தெரியாதவரை அடையாளத்தால் சொல்லட்டும்: உயரம், குரல், கையில் கயிறு, மற்றவர் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள். ஊகித்துப் பெயர் சேர்க்கவே கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பிறகு யாரோ சொன்னது மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கோபத்தில் அடியின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்ன ஒரே காரணத்தால் உண்மையான புகார்கள் விழுந்திருக்கின்றன. நினைவில் ஓட்டை இருப்பது தப்பில்லை. நாளுக்கொரு கதை இருப்பதுதான் ஆபத்து.

போகக்கூடிய வழிகள்

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே, தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. இழப்பீடு, துறை நடவடிக்கை, குற்ற வழக்கு ஆகியவற்றைப் பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது. டெல்லியில் இருக்கும் தேசிய ஆணையத்துக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள், வேண்டாம். மாநில ஆணையம் கையில் எடுத்ததை அவர்கள் விசாரிக்க மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே மனு அலையும்.

குற்ற வழக்கு வேண்டுமென்றால் முதலில் புகார், பிறகு எஸ்.பி., அதுவும் பலிக்காவிட்டால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 175ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட். புதிய சட்டத்தில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது: கடமையின்போது நடந்ததாகச் சொல்லப்படும் விஷயத்தில் அரசு ஊழியர் மீது விசாரணைக்கு உத்தரவிடும் முன், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பையும் மாஜிஸ்திரேட் பார்ப்பார். ‘அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது’ என்றும் சொல்வார்கள். அடித்து வதைப்பது எந்தக் காவலரின் கடமையிலும் சேராது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வாதம் எழும், அதில் காலம் போகும். உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாவது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு, அதாவது உரிமை மீறலுக்கு நேரடியாக உயர் நீதிமன்றத்திடமே நிவாரணம் கேட்கும் மனு. அரசு செய்த உரிமை மீறலுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்பது 1993இல் நீலபதி பெஹரா வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். ஆனால் ஆதாரம் பளிச்சென்று இருந்தால்தான் ரிட்டில் பலன் கிடைக்கும். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு அவ்வளவு வேகமாக நகர்ந்ததற்கு, அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ முக்கியக் காரணம். உங்களிடம் அது இல்லை. அதனால் முதலில் ஆணையம், கூடவே எஸ்.பி.க்குப் புகார், மருத்துவ அறிக்கை கைக்கு வந்த பிறகு ரிட் என்பது என் யோசனை. நீங்கள் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். கடிதத்தில் அந்த விவரம் இல்லை.

எவ்வளவு காலம் ஆகும்? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைச் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று அந்த மலைக்கிராமத்துக்குள் வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். 31 ஆண்டுகள் என்பது அநியாயமான காலம், அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்கள் சொன்னதை மாற்றாமல் சொன்னார்கள், அடையாளம் காட்டினார்கள், பழங்குடி மக்கள் சங்கம் கூடவே நின்றது. உங்கள் குடும்பம் தனியாக நிற்க வேண்டாம். மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் இந்த வேலையையே செய்கின்றன. வக்கீல் செலவுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

பணமும் முகநூலும்

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று வாரமாக ஆட்டோ ஓடவில்லை, தவணை நிற்கிறது, மருந்துச் செலவு இருக்கிறது. அவர் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பணத்தோடு ஒரு தாளும் வரும்: ‘எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை.’ 120ஆம் பிரிவுக் குற்றம் சமரசத்தில் முடித்துக்கொள்ளக்கூடியது இல்லை என்றாலும், அந்தத் தாளை எல்லா இடத்திலும் நீட்டுவார்கள். குவாரிப் பிரச்சினையில் அண்ணன் இனி வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வாய்மொழியாக வரும். இதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். பணம் பேச வந்தவர் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதையும் எழுதி வையுங்கள்.

முகநூல் இப்போது வேண்டாம். உங்கள் அண்ணனின் உடம்பு அது. அவர் சம்மதிக்காமல் ஊர் பார்க்கக் கூடாது. ஆத்திரத்தில் நண்பர்கள் எழுதும் பதிவில் ஒரு தேதியோ பெயரோ தப்பாக இருந்தால் அதை வைத்தே குறுக்கு விசாரணை செய்வார்கள். டீக்கடைக்காரர் பெயரைப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். வெளிச்சம் தேவைப்படும் கட்டம் வரலாம். அப்போது வக்கீலோ அமைப்போ புகார் நகலோடு பத்திரிகையாளர்களைச் சந்திக்கட்டும்.

எதிர் வழக்கு, மிரட்டல்

புகார் போனால் பதிலுக்கு ஒரு வழக்கு வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். ஜேசிபி வழக்கில் சேர்ப்பார்கள், அல்லது அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகச் சொல்வார்கள். முன்ஜாமீன் மனுவைப் புகாரோடு சேர்த்தே தயார் செய்யச் சொல்லுங்கள். அண்ணன் தனியாக இரவில் லோடு எடுக்க வேண்டாம். மறுபடி அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். 35(3)இன்படி எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், வக்கீலோடு போங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் உடனே ஆட்கொணர்வு மனு. அதற்கு வேண்டிய விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதி, ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உறவினரிடமும் வக்கீலிடமும் இப்போதே கொடுத்து வையுங்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மாவட்ட நீதிபதியிடம் நீங்களும் டீக்கடைக்காரரும் பாதுகாப்புக் கேட்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு அண்ணன் வேண்டாம் என்றால், அது அவருடைய முடிவு. எழுதியதையும் மருத்துவ அறிக்கையையும் ஒரு உறையில் போட்டு வக்கீலிடம் வையுங்கள். ஆணையத்துக்கான ஓராண்டு முடியும் தேதியை உறை மேல் பெரிதாக எழுதுங்கள். அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.